டிராயிங்கில் யார் யார் கையெழுத்துப் போட வேண்டும்?

கேள்வி: அக்கா, வணக்கம். தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்குப் பக்கத்தில் பைன்டவுனில் ஒரு பிரஸ் ஷாப்பில் டிராயிங் கண்ட்ரோல் என் பொறுப்பு. 60 பேர் வேலை செய்கிறோம். கார் சீட்டுக்கு பிராக்கெட் அடிக்கிறோம். எங்கள் சாமான் இன்னொரு கம்பெனி வழியாக புரொஸ்பெக்டன் கார் பிளான்டுக்குப் போகிறது. இதுவரை பேப்பர் ஃபாரமும் எக்செல் ரெஜிஸ்டரும்தான். இப்போது பி.எல்.எம், அதாவது டிராயிங்கையும் அதன் மாற்றங்களையும் நிர்வகிக்கும் மென்பொருள் வாங்கப்போகிறோம். விற்பவர் மூன்று ஒர்க்ஃப்ளோ, அதாவது கையெழுத்துப் பாதை காட்டினார். ஒருவர் கையெழுத்தில் ரிலீஸ் ஆவது ஒன்று. ஏழு பேர் ஒருவர் பின் ஒருவராகக் கையெழுத்திடுவது இன்னொன்று. கோரிக்கை, அதை முடிவு செய்யும் சிறு குழுவான போர்டு, மாற்ற உத்தரவு என்று முழு நீளப் பாதை மூன்றாவது. எல்லாவற்றிலும் தன் கையெழுத்து வேண்டும் என்கிறார் முதலாளி. டூல்ரூம் ஃபோர்மேன் எனக்கு மாமா முறை. இதெல்லாம் வந்தால் டை (தகட்டை வெட்டி வளைக்கும் அச்சு) வேலை நின்றுபோகும் என்கிறார் அவர். மூன்றில் எதை எடுப்பது? ராத்திரி ஷிஃப்டில் அவசரம் வந்தால் என்ன செய்வது? மெயிலில் ‘ஓகே’ என்று வந்தால் அது அப்ரூவல் ஆகுமா?

பதில்: அன்புள்ள தம்பி,

மூன்றும் வேண்டும். ஆனால் ஒவ்வொன்றுக்கும் இடம் வேறு. ஒரே பாதையை எல்லா டிராயிங்குக்கும் போட்ட கம்பெனிகளை டர்பனைச் சுற்றி நிறையப் பார்த்திருக்கிறேன். பாதை லேசாக இருந்தால், ஓடிக்கொண்டிருக்கும் பார்ட்டில் யாருக்கும் தெரியாமல் மாற்றம் நுழைந்துவிடுகிறது. கனமாக இருந்தால் ஆட்கள் அதைச் சுற்றிக்கொண்டு போகிறார்கள். பிரஸ்ஸுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கும் டிராயிங்கில் ஒரு அளவைப் பென்சிலால் அடித்து, மேலே புது அளவை எழுதி, ஓரத்தில் ஒரு இனிஷியல் போட்டிருப்பார்கள். சிவப்பு முத்திரை குத்திய கண்ட்ரோல்டு காப்பியில்தான் அந்தப் பென்சில் எழுத்தும் இருக்கும். உங்கள் ஷாப்பிலும் இன்றைக்கே ஒரு சுற்று நடந்து பாருங்கள், ஒன்றிரண்டாவது கண்ணில் படும். பட்டால் யாரையும் திட்டாதீர்கள். இப்போதைய ஃபாரம் எங்கே அடைத்துக்கொண்டிருக்கிறது என்பதை அந்தக் கோடு காட்டிக்கொடுக்கிறது. அதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

முதலில் ரிலீஸையும் மாற்றத்தையும் பிரித்துவிடுங்கள். ‘இந்த டிராயிங்கை நம்பிப் பணம் செலவழிக்கலாம்’ என்று டிசைன்காரர் அடுத்தவருக்குக் கொடுக்கும் வாக்குதான் ரிலீஸ். டூல்ரூம் டை ஸ்டீல் வாங்குவதும், பர்ச்சேஸ் தகட்டுச் சுருளுக்கு (காயில்) ஆர்டர் போடுவதும் அந்த வாக்கை நம்பித்தான். மாற்றம் என்றால், கொடுத்த வாக்கைத் திருத்துவது. அதை நம்பி யார் யார் என்னென்ன செய்துவிட்டார்கள் என்று தேடிப் பார்க்காமல் திருத்த முடியாது. ரிலீஸ் பாதையில் இந்தத் தேடலுக்கு அவசியமே இல்லை. மாற்றப் பாதையில் முக்கால்வாசி வேலை அதுதான்.

மென்பொருள்களும் இதை இரண்டாகத்தான் வைத்திருக்கின்றன, பெயர்தான் வேறு வேறு. விண்ட்சில்லில் ப்ரமோஷன் ரிக்வெஸ்ட் ஒரு பக்கம். சேஞ்ச் ரிக்வெஸ்ட், சேஞ்ச் நோட்டீஸ் இன்னொரு பக்கம். ஆட்டோடெஸ்க் வால்ட்டில் லைஃப்சைக்கிள் நிலையை மாற்றுவது ஒன்று, சேஞ்ச் ஆர்டர் திறப்பது வேறொன்று. டீம்சென்டரில் ஒர்க்ஃப்ளோ ஓடி ஸ்டேட்டஸ் விழுவதோடு முடிந்துபோகும் பாதையும் உண்டு. மாற்ற ஆவணம் திறந்தால் சிக்கல் உள்ள ஐட்டம், பாதிக்கப்படும் ஐட்டம், தீர்வாக வரும் ஐட்டம் என்று தனித்தனியாகப் பட்டியல் போடவும் முடியும். லேசான பாதை நிலையை மட்டும் மாற்றும். பழையது எது, புதியது எது, ஏன் மாறியது, கையில் உள்ள சரக்கு என்ன ஆவது என்று அது கேட்காது. கனமான பாதை இவற்றுக்கெல்லாம் இடம் வைத்திருக்கிறது. எங்கே கேட்க வேண்டும், எங்கே கேட்கத் தேவையில்லை என்று முடிவு செய்வதுதான் உங்கள் வேலை.

டை ஸ்டீல் வாங்குவதற்கு முந்தைய டிராயிங்குக்கு விற்பவரின் முதல் பாதையே போதும். ஒரே ஒரு திருத்தம்: வரைந்தவரே அப்ரூவ் பண்ண முடியாதபடி மென்பொருளில் பூட்டிவிடுங்கள். ஒருவர் வரைய வேண்டும், இன்னொருவர் சரிபார்க்க வேண்டும், அவ்வளவுதான். மாதிரித் துண்டை லேசரில் வெட்டி வளைத்துப் பார்க்கும் கட்டத்தில் அளவு அடிக்கடி மாறும். அங்கே போர்டு கூட்டினால் உங்கள் மாமா சொல்வது நூற்றுக்கு நூறு சரி, வேலை நின்றுபோகும். இந்தக் கட்டத்து ரிவிஷனுக்கு 1, 2, 3 என்று எண்ணும், ப்ரொடக்‌ஷன் ரிவிஷனுக்கு ஏ, பி, சி என்று எழுத்தும் வையுங்கள். பல தொழிற்சாலைகளில் உள்ள பழக்கம்தான் இது. இதை வைத்து ஆயிரக்கணக்கில் அடிக்கலாமா கூடாதா என்பது, ஷாப்பில் நிற்பவருக்குத் தாளைப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும்.

எண்ணிலிருந்து எழுத்துக்குத் தாண்டும் இடம்தான் முதல் பெரிய வாசல். ஏழு பேர் பட்டியலை இந்த இடத்தில் எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அவர் பதில் சொல்ல வேண்டிய கேள்வியை எழுதுங்கள். சரிபார்ப்பவர்: மாடலும் டிராயிங்கும் ஒத்துப்போகின்றனவா, டாலரன்ஸ் (அளவு எவ்வளவு விலகலாம் என்ற வரம்பு) விட்டுப்போகாமல் இருக்கிறதா? டூல்ரூம்: இந்தத் தகட்டுத் தடிமனில் இந்த ரேடியஸை நம் பிரஸ்ஸில் விரிசல் விடாமல் வளைக்க முடியுமா? குவாலிட்டி: ஒவ்வொரு அளவையும் அளக்க என்னிடம் கேஜோ, துண்டை வைத்துச் சரிபார்க்கும் ஃபிக்ஸ்சரோ இருக்கிறதா, வாடிக்கையாளர் விசேஷமாகக் குறித்த அளவுகள் கண்ட்ரோல் பிளானில் (எதை எப்படிச் சோதிப்பது என்ற திட்டத்தில்) ஏறிவிட்டனவா? பர்ச்சேஸ்: இந்த கிரேடு ஸ்டீல் சொன்ன தேதிக்குக் கிடைக்குமா? நான்கு பேருக்குக் கேள்வி கிடைத்துவிட்டது. மீதி மூன்று பேருக்கு என்ன கேள்வி என்று உட்கார்ந்து யோசியுங்கள். கிடைக்கவில்லையென்றால் அவர்களுக்குத் தகவல் போனால் போதும், கையெழுத்து வேண்டாம்.

இதில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. 1981 ஜூலை 17 அன்று அமெரிக்காவில் கான்சஸ் சிட்டியில் ஹயாத் ரீஜென்ஸி ஓட்டலின் தொங்கு நடைபாதைகள் இடிந்து விழுந்து 114 பேர் இறந்தார்கள். முதல் வடிவமைப்பில், கூரையிலிருந்து இறங்கும் ஒரே நீளக் கம்பி நான்காம் மாடி நடைபாதையையும் அதற்குக் கீழே உள்ள இரண்டாம் மாடி நடைபாதையையும் தாங்குவதாக இருந்தது. கட்டும்போது அதை இரண்டு துண்டுக் கம்பியாக மாற்றினார்கள். கூரையிலிருந்து வந்த கம்பி மேல் நடைபாதையோடு நின்றது. கீழ் நடைபாதை மேல் நடைபாதையின் பீமிலிருந்து தொங்கியது. அதனால் மேல் பீமுக்கு அடியில் இருந்த நட்டின் மேல் பாரம் இரண்டு மடங்காகிவிட்டது. அந்த மாற்றம் இருந்த டிராயிங்கில் பொறியாளர்களின் முத்திரை முறையாகக் குத்தப்பட்டிருந்தது. ஆனால் அந்த இணைப்பு புதுப் பாரத்தைத் தாங்குமா என்று யாரும் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கவில்லை. அந்த முத்திரைக்குப் பின்னால் ‘நட்டின் மேல் எவ்வளவு பாரம்?’ என்ற கேள்விக்குப் பொறுப்பான ஒரு ஆள் இல்லை. பிராக்கெட் அடிக்கும் கடைக்கும் இது அப்படியே பொருந்தும். ஏழு பேர் பட்டியலில் மூன்றாவது ஆள், முன்னால் இரண்டு பேர் பார்த்துவிட்டார்கள் என்று நினைப்பார். முதல் ஆள், பின்னால் ஆறு பேர் பார்ப்பார்கள் என்று நினைப்பார். அந்த டிராயிங்கை யாருமே பார்க்காமல் போவதற்கு அது போதும்.

முதலாளி விஷயத்துக்கு வருகிறேன். எல்லாவற்றிலும் கையெழுத்து வேண்டும் என்று அவர் கேட்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. டைக்கும் ஸ்க்ராப்புக்கும் போவது அவர் பணம். அதனால் பணம் முடிவாகும் இடத்தில் அவரை உட்கார வையுங்கள். இத்தனை ராண்டுக்கு மேல் செலவு வரும் மாற்றக் கோரிக்கை அவர் சம்மதம் இல்லாமல் நகரக் கூடாது. தொகையை அவரே சொல்லட்டும். மற்றவை அவருக்கு வாரம் ஒரு முறை பட்டியலாகப் போகட்டும். டிராயிங்கில் ரேடியஸ் சரியா என்று அவரைக் கேட்பது அவருக்கும் நேர விரயம், உங்களுக்கும் காத்திருப்பு. இதை நீங்கள் போய்ச் சொன்னால் கோபம் வரலாம். கடைசியில் ஒரு சோதனை சொல்கிறேன், அதைச் செய்து அந்தத் தாளைக் காட்டிப் பேசுங்கள்.

ஒருவர் பின் ஒருவராகவா, ஒரே நேரத்திலா என்பதற்கு என் பதில்: சரிபார்ப்பவர் முதலில், மற்ற மூவரும் அதன் பின் ஒரே நேரத்தில். சரிபார்க்காத டிராயிங்கை டூல்ரூமுக்கு அனுப்பினால் எழுத்துப் பிழை பார்ப்பதிலேயே அவர்கள் நேரம் போகும். இங்கே ஒரு செட்டிங் இருக்கிறது, விற்பவர்கள் அதைப் பெரும்பாலும் தாமாகச் சொல்வதில்லை. மூவரில் ஒருவர் மறுத்தவுடனே டிராயிங் திரும்பி வர வேண்டுமா, மூவரும் பார்த்து முடித்த பிறகு மொத்தக் குறிப்புகளோடு வர வேண்டுமா? இரண்டாவதைக் கேளுங்கள். இல்லாவிட்டால் இன்று டூல்ரூமுக்காக ஒரு முறை திருத்துவீர்கள், நாளை மறுநாள் குவாலிட்டிக்காக இன்னொரு முறை. திருத்தி அனுப்பும்போது, மறுத்தவர் மட்டுமின்றி எல்லோரும் மறுபடி பார்க்க வேண்டும். குவாலிட்டிக்காக நீங்கள் மாற்றிய ரேடியஸ் டூல்ரூமுக்கு ஒத்துவராமல் போகலாம்.

இனி மாற்றம். இதில்தான் நீங்கள் அதிக நேரம் செலவிட வேண்டும்.

பெரும்பாலான சின்னக் கடைகளில், யாரோ வந்து சொன்னதும் டிசைன்காரர் டிராயிங்கைத் திருத்தி முடித்துவிடுவார். பிறகு ஃபாரம் நிரப்பிக் கையெழுத்து வாங்குவார்கள். தாலி கட்டிய பிறகு பொருத்தம் பார்ப்பது மாதிரிதான் இது. வேலை முடிந்துவிட்டதால் யாருக்கும் வேண்டாம் என்று சொல்ல மனம் வராது. ‘செய்யலாமா?’ என்பது ஒரு வாசல், ‘செய்தது சரியா?’ என்பது இன்னொரு வாசல். இரண்டுக்கும் நடுவில்தான் டிராயிங் வேலை. விற்பவர் காட்டிய மூன்றாவது பாதையில் கோரிக்கையும் உத்தரவும் தனித்தனியாக இருப்பது இதற்காகத்தான்.

ஒரு உதாரணம் எடுத்துக்கொள்வோம். சீட் பிராக்கெட்டில் ஒரு ஓட்டையை 1.5 மி.மீ தள்ள வேண்டும் என்று வாடிக்கையாளரின் லைனிலிருந்து சொல்கிறார்கள், போல்ட் நேராக உட்காரவில்லையாம். டிராயிங்கில் ஒரு எண்ணை மாற்றுவது இரண்டு நிமிட வேலை. ஆனால் கோரிக்கைத் தாள் கேட்க வேண்டியவை இவை. இந்த பிராக்கெட் இடது சீட்டில் மட்டும் இருக்கிறதா, வேறு மாடலிலும் இருக்கிறதா? கண்ணாடிப் பிம்பமாக வரும் வலது பிராக்கெட்டுக்கும் இதே மாற்றம் வேண்டுமா? டையில் ஓட்டை போடும் பஞ்சை நகர்த்த இடம் இருக்கிறதா, இல்லை புது பிளேட் வேண்டுமா? செக்கிங் ஃபிக்ஸ்சரில் பின் எங்கே நிற்கிறது? நம் ஸ்டோர்ஸில் எத்தனை துண்டு அடித்து வைத்திருக்கிறோம், வாடிக்கையாளர் கிடங்கில் எத்தனை? இத்தனையும் தெரிந்த பிறகு, சில சமயம் விடை ‘மாற்ற வேண்டாம், போல்ட் பக்கத்து ஓட்டையை அவர்களே நீள ஓட்டையாக (ஸ்லாட்) ஆக்கிக்கொள்ளட்டும்’ என்று வரும். டிராயிங்கை முதலில் திருத்தியிருந்தால் அந்த விடை வந்தே இருக்காது.

இங்கே ஒரு எச்சரிக்கை. எந்த பார்ட் எங்கே பயன்படுகிறது என்பதை மென்பொருள் ஒரே கிளிக்கில் காட்டும் என்று விற்பவர் சொல்லியிருப்பார். பார்ட்ஸ் லிஸ்டில் ஏற்றியதை மட்டும்தான் அது காட்டும். டையும் ஃபிக்ஸ்சரும் கண்ட்ரோல் பிளானும் அந்த பார்ட்டோடு இணைக்கப்படாமல் இருந்தால் பட்டியலில் வராது. பட்டியலில் வராததை யாரும் தேட மாட்டார்கள். மென்பொருள் வந்ததும் நீங்கள் செய்ய வேண்டிய முதல் டேட்டா வேலை இதுதான். ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு பார்ட்டோடும் அதன் டை எண்ணையும் ஃபிக்ஸ்சர் எண்ணையும் இணையுங்கள். உங்கள் மாமாவை இதற்கு உட்கார வையுங்கள். எந்த டையில் எது ஓடுகிறது என்பது அவர் தலைக்குள் இருக்கிறது. அவர் ஓய்வு பெறும் முன் அது வெளியே வந்தாக வேண்டும்.

எல்லா மாற்றத்துக்கும் இவ்வளவு வேண்டுமா? வேண்டாம். வின்சென்ட் கெஸ் என்பவர் வகுத்த சி.எம்.2 என்ற மாற்ற நிர்வாக முறையில் மாற்றங்களை ஃபாஸ்ட் ட்ராக் (விரைவுப் பாதை), ஃபுல் ட்ராக் (முழுப் பாதை) என்று பிரிக்கிறார்கள். விண்ட்சில்லின் மாற்றப் பாதையும் அந்த முறையை ஒட்டியதுதான். நீங்களும் அப்படியே பிரியுங்கள். எதை எங்கே அனுப்புவது என்று முடிவு செய்ய ஒரே ஒருவர் போதும், அது நீங்கள்தான். பழையதும் புதியதும் ஒன்றுக்குப் பதில் ஒன்று போடக்கூடியவையா? வாடிக்கையாளரிடம் சொல்லியாக வேண்டுமா? டையையோ அடித்து வைத்த சரக்கையோ தொடுகிறதா? பாதுகாப்பு சம்பந்தப்பட்ட அளவா? இந்த நான்கில் ஒன்றிலாவது பாதகமான பதில் வந்தால், அல்லது ‘தெரியவில்லை’ என்று வந்தால், போர்டுக்குப் போகட்டும். நான்கிலும் சிக்கல் இல்லையென்றால் சரிபார்ப்பவர் கையெழுத்தோடு அன்றைக்கே முடித்துவிடுங்கள். தலைப்புக் கட்டத்தில் எழுத்துப் பிழை, விட்டுப்போன ஒரு குறிப்பு போன்றவைதான் பெரும்பாலும் இதில் வரும். போர்டு என்றதும் பயப்பட வேண்டாம். 60 பேர் கடைக்கு டூல்ரூம், குவாலிட்டி, நீங்கள் என மூன்று பேர், வாரம் ஒரு நாள் அரை மணி நேரம்.

ஒன்றுக்குப் பதில் ஒன்று போடலாமா என்ற முதல் கேள்வியில் மட்டும் எந்தச் சமரசமும் கூடாது. ஜெனரல் மோட்டார்ஸின் இக்னிஷன் சுவிட்ச் கதை அதற்குச் சாட்சி. அந்த சுவிட்ச் மிக எளிதாகத் திரும்பிவிடும்படி தளர்வாக இருந்தது. ஓடும்போது சாவி தானாகத் திரும்பி இன்ஜின் அணைந்துவிடும், மோதலில் ஏர்பேக் விரியாது. 2006 ஏப்ரலில் அதன் உள்ளே இருக்கும் ப்ளஞ்சரையும் ஸ்ப்ரிங்கையும் மாற்ற ஒரு பொறியாளர் சம்மதக் கையெழுத்துப் போட்டார். புது சுவிட்ச் உறுதியாக இருந்தது. ஆனால் பார்ட் நம்பர் மாறவில்லை. பின்னால் விபத்துகளை ஆராய்ந்தவர்களுக்கு, சில வருடத்து கார்களில் மட்டும் கோளாறு ஏன் என்று புரியவில்லை. தாளில் எல்லாம் ஒரே சுவிட்ச். விபத்தில் மகளை இழந்த ஒரு குடும்பத்தின் வக்கீல் அமர்த்திய பொறியாளர், கடையில் புதிய சுவிட்ச் ஒன்றை வாங்கி, விபத்துக் காரில் இருந்ததோடு பிரித்து ஒப்பிட்டபோதுதான் வித்தியாசம் வெளியே வந்தது. 2014இல் 26 லட்சம் கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. நஷ்ட ஈட்டு நிதி ஏற்றுக்கொண்ட மரணங்கள் 124. மாற்றம் நல்லதாகவே இருந்தாலும், பழையதைப் புதியதிலிருந்து பிரித்தறிய வழியில்லாமல் விட்டால் பழையது எங்கே இருக்கிறது என்று யாராலும் தேட முடியாது. பழைய துண்டு புதியதின் இடத்தில் உட்காரக் கூடாது என்றால் ரிவிஷன் எழுத்து போதாது, பார்ட் நம்பரே மாற வேண்டும். உங்கள் 1.5 மி.மீ ஓட்டையும் அப்படித்தான். பழைய பிராக்கெட் புது சீட்டில் ஏறாது என்றால் புது நம்பர் கொடுங்கள். நம்பர் கூடுகிறதே என்று ஸ்டோர்ஸ் முணுமுணுக்கும். முணுமுணுக்கட்டும்.

அடுத்து, ரிலீஸ் தேதியும் நடைமுறைக்கு வரும் தேதியும் ஒன்றல்ல. கார் கம்பெனிக்குப் போகும் சாமானில் டிசைன் மாற்றம் செய்தால் பி.பி.ஏ.பி (உற்பத்தி பார்ட்டுக்கு வாடிக்கையாளர் சம்மதம் வாங்கும்) முறைப்படி வாடிக்கையாளருக்குத் தெரிவித்து, அவர்கள் சம்மதம் வந்த பிறகுதான் மாறிய சாமானை அனுப்பலாம். உங்கள் வாடிக்கையாளர் அதைத் தன் வாடிக்கையாளரிடம் கேட்க வேண்டியிருக்கும். ஆனால் மென்பொருளில் நான்கு கையெழுத்து விழுந்ததும் டிராயிங் ‘ரிலீஸ்’ என்று பச்சையாக நிற்கும். ராத்திரி ஷிஃப்ட் அதை அச்செடுத்து அடிக்கத் தொடங்கிவிடும். அதனால் ரிலீஸுக்கும் உபயோகத்துக்கும் நடுவில் ‘வாடிக்கையாளர் சம்மதத்துக்குக் காத்திருக்கிறது’ என்று ஒரு நிலை வையுங்கள். அந்த நிலையில் இருக்கும் டிராயிங்கை ஷாப்பிலிருந்து திறக்க முடியாதபடி செய்யச் சொல்லுங்கள். மாற்ற உத்தரவில் எந்த லாட்டிலிருந்து (உற்பத்தித் தொகுதியிலிருந்து) மாற்றம், பழைய சரக்கை அப்படியே தீர்ப்பதா, திருத்துவதா, ஸ்க்ராப்பா என்ற கட்டங்களை நிரப்பாமல் உத்தரவு நகரக் கூடாது. என் அனுபவத்தில் சண்டைகள் பாதிக்கு மேல் இந்தக் கட்டங்களைக் காலியாக விட்டதால் வந்தவை.

எதிர்ப்பக்கமும் உண்டு, வாடிக்கையாளரே டிராயிங்கை மாற்றி அனுப்புவது. அந்த மாற்றத்தை 10 வேலை நாளுக்குள் பரிசீலித்து முடிக்கப் பார்க்க வேண்டும் என்கிறது கார் தொழிலுக்கான 2016ஆம் ஆண்டின் ஐ.ஏ.டி.எஃப் 16949 தரம். ஏழு பேர் வரிசையில், ஆளுக்கு இரண்டு நாள் வைத்தாலே 14 நாள். ஆடிட்டர் வந்து கேட்கும்போது சொல்லப் பதில் இருக்காது. முதலாளிக்கு இந்தக் கணக்கையும் காட்டுங்கள்.

ராத்திரி அவசரத்துக்கு மாற்றப் பாதையைத் தொடவே தொடாதீர்கள். அதற்கு டீவியேஷன் என்று தனிச் சிறு பாதை போதும். இத்தனை துண்டு வரை, அல்லது இத்தனை மணி வரை, இந்த அளவிலிருந்து இவ்வளவு விலகலாம் என்று அது சொல்லும். ஷிஃப்ட் சூப்பர்வைசர், ஃபோனில் அகப்படும் குவாலிட்டி ஆள், இரண்டு பேர் சம்மதித்தால் ஓடலாம். டிராயிங் மாறாது, ரிவிஷன் மாறாது, எண்ணிக்கையோ நேரமோ முடிந்ததும் அனுமதி தானாகச் செத்துவிடும். விலகல் வாடிக்கையாளரின் ஸ்பெக்கைத் தொடுகிறது என்றால் அடித்த சாமானுக்கு டேக் கட்டித் தனியே நிறுத்துங்கள். அவர்கள் எழுத்தில் சம்மதித்த பிறகே வண்டியில் ஏறட்டும். ஒரே டீவியேஷன் மூன்றாவது முறை வந்தால் அது அவசரம் இல்லை, டிராயிங் தப்பு. கோரிக்கை போடுங்கள். மின்வெட்டில் (லோட் ஷெடிங்) சர்வர் படுத்துவிட்டால் என்ன செய்வது என்றும் இப்போதே யோசியுங்கள். வரிசை எண் அச்சிட்ட டீவியேஷன் பேப்பர் பேடு ஒன்று சூப்பர்வைசர் மேசையில் இருக்கட்டும். காலையில் அந்த எண்களை மென்பொருளில் ஏற்றிவிடலாம். சர்வரைத் தரைத்தளத்தில் வைக்காதீர்கள். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் புரொஸ்பெக்டன் மூழ்கி கார் பிளான்ட் மாதக்கணக்கில் நின்றதை நாம் எல்லோரும் பார்த்தோம்.

மெயிலில் ‘ஓகே’ அப்ரூவல் ஆகாது. எதற்கு ஓகே? காலையில் அனுப்பிய ஃபைலுக்கா, மதியம் திருத்தி அனுப்பியதற்கா? கையெழுத்து அந்த ரிவிஷனோடு, தேதியோடு, சொன்னவர் பெயரோடு மென்பொருளுக்குள் விழ வேண்டும். வெளியூரில் இருப்பவர் மெயிலில் வரும் லிங்கைத் தட்டி உள்ளே வந்து கையெழுத்திடும் வசதி பெரும்பாலான மென்பொருளில் இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். வாடிக்கையாளரின் மெயில் வேறு விஷயம். அவர் உங்கள் மென்பொருளுக்குள் வரப்போவதில்லை. அந்த மெயிலை அப்படியே மாற்ற உத்தரவோடு இணைத்துவிடுங்கள்.

கையெழுத்து இடத்தில் ஆள் பெயரைப் போடாமல் பொறுப்பின் பெயரைப் போடுங்கள். ‘டூல்ரூம் அப்ரூவர்’ என்ற பொறுப்பில் மாமாவும் அவருக்கு அடுத்தவரும் இருக்கட்டும். ஈஸ்டருக்கு இசிபிங்கோ மாரியம்மன் கோயிலுக்கோ, தைப்பூசத்தில் காவடி எடுக்கவோ அவர் லீவு போட்டால் வேலை அடுத்தவருக்குத் தானாகப் போக வேண்டும். மூன்று நாளாக யாரும் திறக்காத வேலை உங்களுக்கு நினைவூட்டலாக வரட்டும். ஆனால் நாள் கடந்துவிட்டால் தானாக அப்ரூவ் ஆகிவிடும் என்ற செட்டிங்கை எந்த மென்பொருளிலும், யார் கேட்டாலும், போட விடாதீர்கள். அது இருந்தால் மற்ற வாசல்கள் எதற்கும் அர்த்தமில்லை.

இப்போது சோதனை. விற்பவரின் டெமோவை வைத்து முடிவெடுக்காதீர்கள். டெமோவில் எல்லோரும் உடனே கையெழுத்துப் போடுகிறார்கள். உங்கள் எக்செல் ரெஜிஸ்டரிலிருந்து போன வருடத்து மாற்றங்களில் பத்தை எடுங்கள். சாதாரணமானவை ஐந்து, சண்டை வந்தவை மூன்று, ராத்திரி நடந்தது ஒன்று, வாடிக்கையாளரிடமிருந்து வந்தது ஒன்று. நான் சொன்ன பாதைகளைச் சுவரில் பெரிய தாளில் வரைந்து, அந்தப் பத்தையும் ஒவ்வொன்றாக நடத்திப் பாருங்கள். எங்கே யார் உண்மையில் என்ன கண்டுபிடித்தார், யாரிடம் எத்தனை நாள் சும்மா கிடந்தது என்று எழுதுங்கள். நடந்து பார்த்தபோது கண்ட பென்சில் திருத்தங்களையும் இதில் சேருங்கள். அவை எந்தப் பாதையில் போயிருந்தால் பென்சில் தேவைப்பட்டிருக்காது என்று மாமாவிடமே கேளுங்கள். இந்தத் தாளைத்தான் முதலாளியிடம் காட்டச் சொன்னேன். தன் மேசையில் எத்தனை நாள் கிடந்தது என்பதை அவரே பார்க்கட்டும்.

விற்பவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள், பதிலை எழுத்தில் வாங்குங்கள். ஒர்க்ஃப்ளோவில் ஒரு பெட்டியை நாங்களே மாற்றிக்கொள்ள முடியுமா, ஒவ்வொரு முறையும் உங்களுக்குக் காசு கொடுத்துத்தான் செய்ய வேண்டுமா? பாதையை மாற்றும் அன்று, பாதி வழியில் நிற்கும் மாற்றங்கள் பழைய பாதையில் தொடருமா, புதியதுக்குத் தாவுமா? முதல் கேள்விக்கு ‘காசு’ என்று பதில் வந்தால் வேறு மென்பொருளையும் பாருங்கள். ஏனென்றால் உங்கள் பாதை முதல் வருடத்தில் நிச்சயம் மாறும்.

டிசம்பர் நடுவில் ஷட்டவுன் வந்துவிடும்; ஜனவரி முதல் வாரத்தில் எல்லோரும் திரும்பி வந்து மெஷினைக் கிளப்புவதிலேயே இருப்பார்கள். அந்த வாரத்தில் புது மென்பொருளைத் திறந்துவிடாதீர்கள். நவம்பருக்குள் பத்துத் தாள் சோதனையை முடியுங்கள். ஷட்டவுனுக்கு முன் டை எண்களை இணைத்துவிடுங்கள். பிப்ரவரியில் ஒரே ஒரு வாடிக்கையாளரின் பார்ட்டுகளோடு தொடங்குங்கள். மற்றவை அதுவரை பேப்பரிலேயே இருக்கட்டும்.

அன்புடன்,
அக்கா